தாத்தா கட்டின வீடு, மழை பெஞ்சா டிரிப்பர் விழுது, கழட்டிடலாம்ங்கிறாங்க. என்ன பண்றது?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரமா ஒரு விஷயம் கேக்கணும். எங்க வீடு நீடாமங்கலம் பக்கத்துல கிராமம். தாத்தா கட்டின ஓட்டு வீடு, திண்ணை, ரேழி, முத்தம், கூடம், ரெண்டாங்கட்டு, அதுக்குப் பின்னாடி கொல்லை. கரண்ட் இழுத்தது 60கள்லன்னு அப்பா சொல்லுவாரு. அப்ப அடிச்ச மரக்கட்டை வயரிங்தான் பாதி வீட்டுல இன்னும் ஓடுது, சுவத்துல நீளமா ரீப்பர் அடிச்சு அது மேல கருப்பு வயர வரிசையா தகரக் கிளிப் போட்டு மடிச்சிருப்பாங்களே அதுதான். அப்பா போயி ரெண்டு வருசமாச்சு, அம்மா மட்டும் தனியா இருக்காங்க, 68 வயசு. நான் திருப்பூர்ல.

தீபாவளிக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தேன். ஐப்பசி மழை புடிச்சதுலேர்ந்து அம்மா போன்ல "பாத்ரூம் குழாயத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுடா"ன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாங்க, நானும் ஈரக்கையா இருக்கும், செருப்பு போட்டுக்கங்கம்மான்னு சொல்லிட்டு வெச்சிட்டேன், அத நெனச்சா இப்ப வயித்தக் கலக்குது. போன வாரம் ஊருக்குப் போயி நானே தொட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் ஏறுச்சு. அன்னிக்கே பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர கூப்ட்டு மெயின்ல ஆர்.சி.சி.பி. டிரிப்பர் (கரண்ட் எங்கயாவது கசிஞ்சா தானா விழுந்து கட் பண்ற சுவிட்ச்) போடச் சொன்னேன். போட்டதுலேர்ந்து ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ விழுது, ராத்திரி மழை பெஞ்சா கண்டிப்பா விழுது, அம்மா டார்ச்ச எடுத்துக்கிட்டு இருட்டுல ரேழி வரைக்கும் வந்து தூக்கி விடுறாங்க. அந்த தம்பி "பழைய வீட்டுக்கெல்லாம் இது சரிப்பட்டு வராதுங்க, கழட்டிட்டு நேரா குடுத்துடுறேன்"ங்கிறாரு. அம்மாவும் கழட்டச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

கும்மோணம் வயர்மேன்:
கழட்ட விடாதீங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். இப்பவே அம்மாவுக்குப் போன் போடுங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு வாஷிங் மெஷின் பிளக்க புடுங்கச் சொல்லுங்க, தண்ணி மோட்டார் சுவிட்சத் தொடவே வேணாம், பாத்ரூம் குழாயத் தொடவே வேணாம், ரெண்டு நாளைக்கு அடிபம்புலயோ பக்கத்து வீட்டுலயோ தண்ணி புடிச்சிக்கட்டும். செருப்ப நம்பாதீங்க, ஈரத்துல செருப்பு ஒன்னும் காப்பாத்தாது.

பழைய திண்ணை:
நான் திருக்கருகாவூர் பக்கம். எங்க வீட்டுலயும் இதே கட்டை வயரிங்தான், எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒன்னும் ஆகல. அந்தக் காலத்து வேலை கெட்டி வேலைங்க, செம்பு கனமா போட்டிருப்பாங்க, இன்னிக்கு வர்ற வயரு அஞ்சு வருசம் தாங்க மாட்டேங்குது. புதுசா போட்ட டிரிப்பர்லயே கோளாறு இருக்கலாம்ல, வேற கம்பெனி மாத்திப் பாருங்க. ஊரெல்லாம் வயரிங் மாத்துன்னா எத்தனை பேரால முடியும்.

கும்மோணம் வயர்மேன்:
பழைய திண்ணை அய்யா, செம்பு கெட்டிதான், அத நான் மறுக்கல. கெட்டுப்போறது செம்பு இல்ல, அது மேல இருக்கற ரப்பர். அந்த கருப்பு வயர் இப்ப வர்ற பி.வி.சி. கெடையாது. ரப்பருக்கு ஆயுசு 25, 30 வருசம், அதுக்கப்புறம் வளைஞ்சு குடுக்கற தன்மை போயிடும். நான் 31 வருசமா இந்த வேலைதான் பாக்குறேன். போன மாசம் இங்க ஒரு வீட்டுல கூடத்து ஃபேனுக்கு சீலிங் ரோஸ் மாத்தணும்னு கூப்பிட்டாங்க. மூடியத் தொறந்து வயர லேசா ஒரு பக்கம் ஒதுக்குனேன், ஓமப்பொடி மாதிரி உதிர்ந்து என் கண்ணுல விழுந்துச்சு, உள்ள செம்பு பச்சை ஏறிக் கெடக்கு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல அரை விரக்கடை எடவெளி, அதுல வெறும் தூசி. அசைக்காம விட்ட வரைக்கும் அது நின்ன எடத்துலயே நின்னுருக்கு, அதனாலதான் அவங்களும் ஒன்னும் ஆகலன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒரு எலி ஓடுனாப் போதும், ஒட்டடை அடிக்கிற கம்பு பட்டாப் போதும்.

எலின்னு சும்மா சொல்லல. நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்சா வயல்ல இருக்கற எலி பூராவும் வீட்டுக்குள்ளதான் வரும், மச்சுல நெல்லு மூட்டை, வைக்கோல், பழைய சாக்கு. மேல பாத்தா மூங்கில் வரிச்சலு, காஞ்ச பனங்கை. அங்க ஒரு ஜாயிண்ட் லூசாகி பொறி தட்டுனா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. ரீப்பர் கட்டை மேல பாக்க நல்லா இருக்கும், தட்டிப் பாத்தா உள்ள கரையான் தின்னு மண்ணா இருக்கும், கிளிப் ஆணி எதுலயும் புடிக்காம வயரு தொங்கும்.

இன்னொன்னு. அந்த வயரிங் போட்டப்ப வீட்டுல என்ன இருந்துச்சு? நாலு குண்டு பல்பு, ஒரு ரேடியோ, வசதி இருந்தா ரெண்டு ஃபேன். 5 ஆம்பியர் கணக்குக்கு போட்ட லைன் அது. இன்னிக்கு அதே லைன்லேர்ந்து இழுத்து 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு, அது மட்டுமே 8, 9 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர். கரண்ட் ரெண்டு மடங்கானா வயர்ல சூடு நாலு மடங்கு ஏறும், இது கணக்கு, இதுல பழைய வேலை புது வேலைன்னு ஒன்னும் இல்ல. அந்த சூடுதான் மிச்சம் மீதி ரப்பரையும் தின்னுடும்.

தம்பி, உங்க வீட்டு டிரிப்பர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. மழை பெஞ்சா விழுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஓட்டுல எங்கயோ ஒழுகி சுவரு ஓதம் ஏறி கட்டை நனைஞ்சு கரண்ட் சுவத்துல எறங்குது. மெகர் (வயர் மேல இருக்கற உறை கரண்ட கசிய விடுதான்னு அளந்து பாக்கற மீட்டர்) வெச்சிருக்கற ஆளா பாத்து ஒவ்வொரு லைனா பிரிச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. டெஸ்டர மட்டும் வெச்சிக்கிட்டு வர்ற ஆளு வேணாம், வயர்மேன் லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

மாயவரத்துக்காரி:
எங்க வீடு 1978ல கட்டினது, கட்டை வயரிங் இல்ல, சுவத்துக்குள்ள பைப் விட்டு இழுத்தது. ஆனா உள்ள இருக்கறது அலுமினியம்னு சமீபத்துலதான் தெரிஞ்சுது. அது பரவாயில்லையா அண்ணே?

கும்மோணம் வயர்மேன்:
அலுமினிய வயரு நடுவுல ஒன்னும் பண்ணாதும்மா, முனையிலதான் வம்பு. ஸ்க்ரூவுக்கு அடியில நசுங்கிக்கிட்டே போயி லூசாகும், காத்துப்பட்டு மேல ஒரு படலம் புடிக்கும், அது கரண்ட விடாது, அங்க சூடேறும். பிளக் பாயிண்ட் பக்கத்துல சுவரு மஞ்சளாகியிருக்கா, சுவிட்ச்ல மீன் வாடை மாதிரி அடிக்குதா, பாருங்க. இருந்தா அந்த பாயிண்ட உபயோகிக்காதீங்க. செம்பையும் அலுமினியத்தையும் சேத்து முறுக்கி டேப் ஒட்டியிருந்தாங்கன்னா அதுதான் ரொம்ப மோசம்.

நாகை கடலோரம்:
நான் எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க சித்தப்பா எப்படி போனாருன்னு சொல்றேன். கொல்லையில துணி காயப்போடற கம்பி, ஒரு முனை வேப்பமரத்துல, இன்னொரு முனை பின்சுவத்துல இருந்த இரும்புப் பைப்புல. அந்தப் பைப்பு வழியாத்தான் மாட்டுக்கொட்டகைக்கு லைட்டு வயரு போவுது, 30, 35 வருசத்து வயரு. பைப்பு வாயில வயரு உரசி உரசி ரப்பர் கிழிஞ்சிருக்கு, யாருக்கும் தெரியாது. கார்த்திகை மாசம், தூறல். சித்தப்பா குளிச்சிட்டு ஈர வேட்டிய உதறி கம்பியில போட்டாரு. அவ்வளவுதான். கை கம்பியிலேர்ந்து வரல. சித்தி ஓடிப்போயி இழுக்கப் பாத்தாங்க, அவங்களும் தூக்கி எறியப்பட்டாங்க, உசுரு தப்புனதே பெருசு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மெயின எறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கொட்டகையில அப்ப எரிஞ்சிக்கிட்டிருந்தது ஒரே ஒரு 40 வாட்ஸ் பல்பு.

வீட்டுல பீஸ் கட்டை இருந்துச்சே, பீஸ் போகலையேன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது புரியல.

2022 ஏப்ரல்ல தஞ்சாவூர் களிமேட்டுல தேர்ல மேல் கம்பி பட்டு 11 பேர் போனப்ப நாடே பேசுச்சு. வீட்டுக் கொல்லையில ஒருத்தர் ஒருத்தரா போறவங்கள யாரு பேசுறா. வெண்ணாத்தங்கரை, உங்க அம்மா சுருக்குன்னு இழுக்குதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க சித்தப்பாவுக்கு அந்த மாதிரி முன்கூட்டி ஒரு தகவல் கெடைக்கல. தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

தஞ்சை ரிட்டயர்டு இன்ஜினியர்:
நாகை நண்பர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லணும், ஏன்னா இந்த ஒரு விஷயம் நிறைய பேருக்கு குழப்பமா இருக்கு. பீஸ் கட்டையோ எம்.சி.பி.யோ (பீஸுக்குப் பதிலா இப்ப போடற, லோடு கூடினா விழற சுவிட்ச்) ஆளக் காப்பாத்தறதுக்கு இல்லைங்க. அது வயரக் காப்பாத்தறதுக்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி.ன்னா 16 ஆம்பியரத் தாண்டினாத்தான் விழும். மனுச உடம்புல 30 மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி கை புடிச்சிக்கும், 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா போனா இதயம் தாறுமாறா துடிச்சு நின்னுடலாம். ராத்திரி போடற ஜீரோ வாட்ஸ் பல்பு 15 வாட்ஸ்னு வெச்சிக்கிட்டா அது எடுக்கறதே 65 மில்லி ஆம்பியர். அந்த பல்பு எரியறதுக்கு எந்த பீஸாவது போகுமா? அதே மாதிரிதான் ஒரு ஆளு வழியா கரண்ட் எறங்கும்போதும் பீஸுக்குத் தெரியாது. இந்தியாவுல மின்சாரம் தாக்கி வருசத்துக்கு 12 ஆயிரம் பேருக்கு மேல இறந்துபோறாங்கன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கே இருக்கு.

ஆர்.சி.சி.பி. வேற விதமா வேலை செய்யுது. பேஸ்ல உள்ள போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு கொறைஞ்சா எங்கயோ வெளில கசியுதுன்னு அர்த்தம், ஒரு நொடியில மூணுல ஒரு பங்குக்குள்ள கட் பண்ணிடும். எர்த்து, அதாவது கசியற கரண்ட மண்ணுக்குள்ள எறக்கற கம்பி, இல்லாத வீட்டுலயும் அது வேலை செய்யும், ஆனா அங்க உங்க உடம்பு வழியா போனாத்தான் அதுக்கு கசிவே தெரியும், அதனால ரெண்டும் வேணும். மத்திய மின்சார ஆணையத்தோட 2023 பாதுகாப்பு விதிகள்ல இந்தக் கருவி இருக்கு, தமிழ்நாட்டுல இப்ப புது இணைப்புக்கு கட்டாயம். பழைய வீட்ட யாரும் வந்து பாக்கறதில்ல.

பழைய வீட்டுல இன்னும் ரெண்டு விஷயம் நான் சர்வீஸ்ல இருந்தப்ப அடிக்கடி பாத்தது. பேஸுக்கு ஒரு பீஸ், நியூட்ரலுக்கும் ஒரு பீஸ் போட்டிருப்பாங்க. நியூட்ரல் பீஸ் மட்டும் போச்சுன்னா லைட்டு எரியாது, கரண்ட் இல்லன்னு நெனச்சு கைய வைப்பாங்க, பேஸ் அப்படியே உசுரோட நிக்கும். இன்னொன்னு எர்த்து. அந்தக் காலத்துல அடிபம்பு இரும்புப் பைப்புல எர்த்து கம்பியச் சுத்தி விட்டுடுவாங்க, அப்ப அது மண்ணுக்குள்ள 20 அடி போச்சு, சரியாவும் இருந்துச்சு. பின்னாடி போர் போட்டு பி.வி.சி. பைப்பு மாத்தினப்ப அந்த எர்த்து என்ன ஆச்சுன்னு யாரும் திரும்பிப் பாக்கல. வெண்ணாத்தங்கரை, நீங்க குழாய்ல இழுக்குதுன்னு சொன்னதும் எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது இதுலதான்.

கோடியக்கரை:
கஜா புயல்ல, 2018 நவம்பர் 16, எங்க பக்கம் ஒரு போஸ்ட் கூட நிக்கல. வாரக்கணக்குல கரண்ட் இல்ல. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். அதுல ஒரு எச்சரிக்கை, மெயின ஆஃப் பண்ணிட்டா வீட்டுல கரண்டே இல்லன்னு நெனச்சு பல்பு ஹோல்டர்ல கைய விடாதீங்க, இன்வெர்ட்டர் லைன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், அதையும் தனியா நிறுத்தணும். எங்க ஊர்ல உப்புக்காத்து வேற, ஸ்க்ரூ எல்லாம் ரெண்டு வருசத்துல துருவேறி கையோட வரும்.

மாயவரத்துக்காரி:
எல்லாரும் சொல்றது சரி. ஆனா பழைய வீட்டுல வயரிங் மாத்தாம இருக்கறதுக்கு தெரியாமைதான் காரணம்னு நான் நெனைக்கல. எங்க மாமனார் வீட்டையே சொல்றேன், வீடு அஞ்சு பேருக்கு பாத்தியதை, பாகப்பிரிவினை இன்னும் ஆகல, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் பெங்களூரு, மாமியார் மட்டும் அங்க. நான் ஒவ்வொரு தடவ பேச்ச எடுத்தாலும் "வீடு யாருக்குன்னு முடிவாகட்டும், அப்புறம் செலவு பண்ணலாம்"ங்கறாங்க. யார் பேருக்கு போகுதோ தெரியாத வீட்டுல யாரும் காசு போட மாட்டாங்க, அது வரைக்கும் அந்த உளுத்த வயருக்கு கீழ படுத்திருக்கறது 74 வயசு அம்மா. எனக்கு இத சொல்லும்போதே அழுகை வருது. பத்திரம் முடியற வரைக்கும் கரண்ட் காத்திருக்குமா?

நான் பண்ணினது இதுதான். முழு வீட்டுக்கும் பணம் கேக்கறத விட்டுட்டேன். ஆர்.சி.சி.பி., புது எர்த்து, அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் புது லைன், இத என் சம்பளத்துலேர்ந்து போட்டேன். ஆர்.சி.சி.பி.க்கு அப்ப ரெண்டாயிரம் சொச்சம்தான் ஆச்சு. மத்தத அவங்க எப்பப் போடுறாங்களோ போடட்டும். வெண்ணாத்தங்கரை, உங்களுக்கும் அண்ணன் தம்பி இருந்தா யாரையும் எதிர்பாக்காதீங்க, இத மட்டும் முதல்ல செஞ்சிடுங்க.

வெண்ணாத்தங்கரை:
ஒம்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சிக்கங்க. ஊர்லதான் இருந்தேன். வயர்மேன் அண்ணன் தனியா அனுப்பின நம்பர்ல மன்னார்குடியிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, மெகர் கொண்டாந்தாரு. நடந்தத அப்படியே சொல்றேன், இதே மாதிரி வீடு இருக்கறவங்களுக்கு ஆகும்.

முதல்ல லைன ஒவ்வொன்னா கழட்டி டெஸ்ட் பண்ணினாரு. கொறைஞ்சது 1 மெகா ஓம் காட்டணுமாம். கூடம் லைன் ஏதோ தேறுச்சு. ரெண்டாங்கட்டு தாழ்வாரத்து லைன்ல முள்ளு அசையவே இல்ல, பூஜ்யத்துலயே படுத்திருச்சு. ஏணி போட்டுப் பாத்தா ரெண்டு ஓடு உடைஞ்சு தண்ணி நேரா ரீப்பர் மேல எறங்கியிருக்கு, கட்டைய விரலால அமுக்குனா ஊறின ரொட்டி மாதிரி அமுங்குது. ராத்திரி மழையில டிரிப்பர் விழுந்தது இதனாலதான்.

அப்புறம் குழாய். இன்ஜினியர் அய்யா சொன்னது அப்படியே இருந்துச்சு. மீட்டர் பெட்டியிலேர்ந்து போற எர்த்து கம்பிய சுவரோரமா புடிச்சிக்கிட்டே போனோம், அது போயி பாத்ரூம் சுவத்துக்குள்ள இருந்த பழைய இரும்புப் பைப்புல சுத்தியிருக்கு. 12 வருசம் முன்னாடி அப்பா போர் போட்டப்ப அந்தப் பைப்ப ரெண்டு பக்கமும் வெட்டிட்டு பி.வி.சி. சேத்திருக்காங்க. நடுவுல ஒரு முழம் இரும்பு மட்டும் சுவத்துக்குள்ள தனியா நிக்குது, அதுலதான் குழாய் திருகியிருக்கு, வீட்டு எர்த்து பூராவும் அதுலதான் முடியுது. மண்ணத் தொடவே இல்ல. தண்ணி மோட்டார்ல கசிவு இருந்திருக்கு, அது எர்த்து கம்பி வழியா வந்து எங்கயும் போக வழி இல்லாம அந்தக் குழாய்ல நின்னிருக்கு. வாஷிங் மெஷின் பாடியிலயும் அதேதான். எங்க அம்மா தினம் காலைல எந்திரிச்சு முதல்ல தொடற குழாய் அது. அந்த ஒரு முழப் பைப்ப கையில வெச்சிக்கிட்டு நான் கொல்லையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப கொல்லையில புதுசா எர்த்து போட்டாச்சு, குழி வெட்டி இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பு, சுத்தி கரியும் உப்பும். சித்திரை வெயில்ல வாரம் ஒரு தடவ குழியில தண்ணி ஊத்தணும்னு சொல்லியிருக்காரு. தாழ்வாரத்து லைன தொடாம விடல, மெயின்லயே வெட்டி செத்த லைனாக்கியாச்சு. அடுப்படி, பாத்ரூம், மோட்டாருக்கு புது வயரு, பவர் பாயிண்டுக்கு 2.5, மோட்டாருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். கனத்துல. சுண்ணாம்புச் சுவத்த வெட்டினா காரை பாளம் பாளமா விழும்னு வெளில பி.வி.சி. பட்டை அடிச்சுதான் கொண்டு போனாரு, அழகா இல்லதான், பரவாயில்ல. மோட்டார கழட்டி காயில் கட்டக் குடுத்திருக்கேன். கூடத்தையும் முன்கட்டையும் தை அறுப்பு பணம் வந்ததும் செய்யறதா இருக்கேன், அது வரைக்கும் அங்க லைட்டும் ஃபேனும் மட்டும்.

டிரிப்பர் விழறது நின்னுடுச்சு. டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அமுக்கிப் பாக்கணும்னு சொன்னாரு, அம்மா முந்தாநேத்து அவங்களே அமுக்கிட்டு "டக்குன்னு விழுந்துச்சுடா"ன்னு போன் பண்ணினாங்க.

நாகை கடலோரம்:
படிச்சேன். உங்க அம்மா நல்லா இருக்கட்டும். நாங்க கொல்லையில இப்ப நைலான் கயிறுதான் கட்டியிருக்கோம்.

பழைய திண்ணை:
வெண்ணாத்தங்கரை தம்பி எழுதினதப் படிச்சிட்டு இன்னிக்கு காலைல மெயின எறக்கிட்டு பீஸ் கட்டையப் புடுங்கிப் பாத்தேன். முன்னாடி நான் பேசினது தப்பு. உள்ள இருந்தது பீஸ் வயரே இல்ல, மூணு இழை செம்பக் கம்பியா முறுக்கி வெச்சிருக்கு. எங்க அப்பா கை முறுக்கு அது, பீஸ் அடிக்கடி போகுதுன்னு அவரே போட்டது, நானே பக்கத்துல டார்ச் புடிச்சிக்கிட்டு நின்னிருக்கேன். அந்த லைன்லதான் இன்னிக்கு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஓடுது. நியூட்ரலுக்கும் தனியா ஒரு பீஸ் இருக்கு, இன்ஜினியர் சொன்ன மாதிரியே. வீட்டுல பேரப்புள்ளைங்க இருக்கு. கும்மோணம் வயர்மேன் தம்பி, திருக்கருகாவூருக்கு எப்ப வர முடியும்? அது வரைக்கும் மெயின எறக்கியே வெச்சிடட்டுமா?

கும்மோணம் வயர்மேன்:
ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எதையும் ஓட்டாதீங்கய்யா. இன்னிக்கு சாயங்காலம் என் பையன அனுப்புறேன், அந்தச் செம்ப எடுத்துட்டு சரியான பீஸ் வயர் போட்டுட்டு வருவான், அதுக்கப்புறம் லைட்டு ஃபேன் மட்டும் போட்டுக்கங்க. அது வரைக்கும் மெயின் கீழயே இருக்கட்டும், கட்டைய மறுபடி நீங்களா சொருக வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நான் மெகரோட வர்றேன். மச்சுல இருக்கற சாக்கெல்லாம் எறக்கி வெச்சு எடம் ஒதுக்கிக் குடுங்க, ஏணி ஒன்னு வேணும், மர ஏணியா இருக்கட்டும்.